படுகளம் முடிந்ததும் கேட்கப்படும் கேள்விகள்: பாரதத்தில் துக்கமும் பழியும்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. 2019-இல் வேலூர் மறுபடியும் மூன்றானது. ஆனால் கோடை வந்துவிட்டால் ஆரணி, செய்யாறு, போளூர், ஆற்காடு, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே நோட்டீஸ்தான் கண்ணில் படும்: திரௌபதி அம்மன் கோயில் மகாபாரத அக்னி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம் (அவன் அடிபட்டு விழும் காட்சி), சாயங்காலம் தீமிதி. பந்தலில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் பிரசங்கியாரிடமும் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் துக்கம், பழி பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வியாசர் சொன்னது எது, தமிழ்ப் பாரதங்களும் கூத்தும் சேர்த்தது எது என்று தெரிந்த இடத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

பாரதச் சண்டைக்கு ஆரம்பம் துகிலுரிதல்தானே?

மேடைக்கு அதுதான் ஆரம்பம். பழிக்கு ஆரம்பம் அதற்கும் வெகு முன்னால், ஒரு ஏழை வீட்டில் இருக்கிறது. துரோணருக்கு வறுமை. பையன் அசுவத்தாமன் மற்றப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து எனக்கும் வேண்டும் என்று அழுகிறான். கூட இருந்த பையன்கள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க, பால் குடித்தேன் என்று அவன் குதித்து ஆடுகிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அதைப் பார்த்த துரோணர், கூடப் படித்த துருபதன் ராஜாவாக இருக்கிறானே என்று அவனிடம் போகிறார். ராஜாவுக்கும் பஞ்சைக்கும் என்ன சிநேகம் என்று துருபதன் கேட்டுவிடுகிறான்.

மிச்சம் வரிசையாக வருகிறது. துரோணர் பாண்டவ கௌரவப் பிள்ளைகளுக்கு வில் கற்றுக்கொடுத்து, குருதட்சிணையாகத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் சொல்லி, பாதி ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டு, இப்போது நாம் சமம், சிநேகிதராக இருக்கலாம் என்கிறார். துருபதன் வீட்டுக்குப் போய் துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று யாகம் செய்கிறான். அந்த யாகத்தில்தான் திருஷ்டத்யும்னனும் திரௌபதியும் தோன்றுகிறார்கள். நாம் தீ மிதித்துக் கும்பிடும் அம்மன் பிறந்ததே பழிக்காக மூட்டிய நெருப்பில். இன்னொன்றும் உண்டு. தன்னைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் திருஷ்டத்யும்னனுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தவர் துரோணர்தான். விதியைத் தடுக்க முடியாது என்று நினைத்தாராம். எனக்கு இது தப்பிக்கிற பேச்சாகத்தான் படுகிறது.

மாவுத் தண்ணீர் குடித்த அந்தப் பையனை மறக்கவேண்டாம், கடைசியில் திரும்ப வருவான்.

அம்மன் கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் செய்ததே பழிதானே? அதை எப்படிக் கும்பிடுவது?

வியாசரில் பெரிய சபதங்கள் பீமனுடையவை: துச்சாதனனின் ரத்தம், துரியோதனனின் தொடை. நம் பக்கத்துக் கூத்தில் அது அம்மனின் சபதமாகவே வளர்ந்திருக்கிறது. துரியோதனனின் ரத்தம் எண்ணெய், விலா எலும்பு சீப்பு, குடல் பூ. அதுவரை விரித்த கூந்தல் விரித்தபடியே.

ஆனால் சபையில் அவள் முதலில் கேட்டது பழி இல்லை, நியாயம். தன்னைத் தோற்றபின் என்னை வைத்து ஆட அவருக்கு உரிமை உண்டா என்று கேட்டாள். பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்று சொல்லி நழுவினார். துரோணர் வாயே திறக்கவில்லை. விகர்ணன் என்ற சின்னவன் ஒருவன்தான் எழுந்து பேசினான், அவனையும் கர்ணன் உட்கார்த்திவிட்டான். அத்தனை பெரிய மனுஷர்கள் இருந்த பஞ்சாயத்து அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால் படுகளத்துக்கு மண் மிதிக்கவேண்டிய வேலையே இருந்திருக்காது.

படுகளத்தில் அழுவது யாருக்காக?

பார்க்காதவர்களுக்காக: கோயிலுக்கு எதிரே திடலில் துரியோதனனை மல்லாக்கப் படுத்த வாக்கில் மண்ணால் செய்வார்கள். ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளம். முறுக்கு மீசை, வர்ணம் பூசிய மார்பு, கையில் கதாயுதம். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், ஏறுவார்கள், வசனம் பேசுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் அங்கே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் மண்ணில் பரவும். அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். விசில் பறக்கும்.

அதற்கப்புறம் வருவதைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை, டீக்கடைக்குப் போய்விடுவார்கள். காந்தாரி ஒப்பாரி. சில ஊர்களில் துடைப்பமும் கையுமாக வந்து அவள் அழுதுகொண்டே அடிப்பாள், அந்த அடியை வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்பவர்களும் உண்டு. ஜெயித்த கட்சியின் கோயிலில், ஜெயித்தவளின் எதிரிலேயே, தோற்றவன் தாய்க்கு அழ இடம் கொடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் அந்த மண்ணை ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். துரியோதனன் மண் வயலுக்கும் நெல் சேர்க்கும் இடத்துக்கும் நல்லது என்பது நம்பிக்கை. எதிரியை இவ்வளவு மரியாதையாக அடக்கம் செய்யும் சடங்கு வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அபிமன்யு செத்ததற்கு அர்ஜுனன் பழி வாங்கியது நியாயம்தானே?

நியாயமா என்பதை விட, யார் மேல் என்று பாருங்கள். 13-ஆம் நாள் அபிமன்யுவைச் சூழ்ந்துகொண்டவர்கள் ஆறு மகாரதர்கள், அதாவது பெரிய தேர்வீரர்கள். கடைசிக் கதாயுத அடி துச்சாதனன் மகனுடையது. ஜயத்ரதன் செய்தது, உதவிக்கு வந்த பாண்டவர்களை வியூகத்தின் வாசலில் தடுத்தது. சாயங்காலம் பாசறைக்கு வந்த அர்ஜுனன், பிள்ளை உடம்பின் சூடு ஆறுவதற்குள், நாளை சூரியன் அஸ்தமிப்பதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லாவிட்டால் தீயில் விழுவேன் என்கிறான். துக்கம் கைக்கு எட்டிய ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஒரு சபதத்துக்கு விழுந்த செலவு பெரியது. மறுநாள் ஜயத்ரதன் கொல்லப்பட்டான். சண்டை விளக்கு வெளிச்சத்தில் ராத்திரியும் நடந்தது, அதில் கடோத்கசன் போனான். அதே 14-ஆம் நாள், தன் பக்கத்து யாதவ வீரன் சாத்யகியைக் காப்பாற்ற அர்ஜுனன் கௌரவர் பக்கத்துப் பூரிசிரவஸின் கையை வெட்ட, அவன் ஆயுதத்தை விட்டு உயிர்விட உட்கார்ந்தபோது சாத்யகி தலையைச் சீவினான். இதுவும் பிறகு வட்டியோடு வரும். ஜயத்ரதனின் அப்பா கதை இன்னும் விசித்திரம். என் மகன் தலையை எவன் தரையில் விழவைக்கிறானோ அவன் தலை வெடிக்கட்டும் என்று முன்பே சாபம் கொடுத்திருந்தார். அர்ஜுனன் அம்பு அந்தத் தலையை, சந்தியாவந்தனம் செய்துகொண்டிருந்த அவர் மடியிலேயே கொண்டுபோய்ப் போட்டது. எழுந்தார், மகன் தலை தரையில் விழுந்தது, சாபம் அவர் மேலேயே பலித்தது.

இதே அர்ஜுனன் முதல் நாள் காலையில் இரண்டு பக்கத்து உறவுகளையும் பார்த்துத் துக்கப்பட்டு வில்லைக் கீழே போட்டவன்தான். அன்றைக்கு வந்த துக்கத்தில் எதிர்க்கட்சிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

துரோணர் சாவில் தருமர் பொய் சொன்னது சரியா?

சரி, தப்பு பற்றி மணிக்கணக்கில் பேசியாகிவிட்டது. அந்தத் தந்திரம் எதை நம்பியது என்பதை யாரும் பேசுவதில்லை. அசுவத்தாமன் செத்தான் என்றால் துரோணர் வில்லை வைத்துவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பனின் பாசத்தையே ஆயுதமாக்கினார்கள். அவர் வில்லை வைத்துவிட்டு உட்கார, திருஷ்டத்யும்னன் தலையை வெட்டினான். துருபதன் யாகத்துக்கு அன்றோடு பலன் கிடைத்தது, அசுவத்தாமனுக்கு அன்றிலிருந்து வேலை கிடைத்தது.

அசுவத்தாமன் தூங்குகிற பிள்ளைகளைக் கொன்றது எதனால்?

துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிற ராத்திரி. கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன் மூன்று பேர்தான் மிச்சம். ஓர் ஆலமரத்தடியில் படுக்கிறார்கள். மற்ற இருவருக்கும் தூக்கம் வந்துவிட்டது, இவனுக்கு வரவில்லை. மரத்தில் காக்கைகள் தூங்குகின்றன. சத்தமில்லாமல் ஒரு கோட்டான் வந்து தூங்குகிற காக்கைகளைக் கிழித்துப் போடுகிறது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு யோசனை வருகிறது. கிருபர் மாமா எழுந்து, இன்று தூங்கு, காலையில் பெரியவர்களைக் கேட்டுச் செய்யலாம் என்கிறார். அப்பாவை அப்படிக் கொன்றபின் எனக்கு எங்கே தூக்கம் என்று தேர் ஏறிவிடுகிறான். ஒரு ராத்திரி தூங்கியிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பாசறைக்குள் போய் முதலில் திருஷ்டத்யும்னனை மிதித்தே கொல்கிறான். ஆயுதத்தால் கொல் என்று அவன் கெஞ்சியும் அந்தக் கௌரவத்தைக்கூடத் தரவில்லை. பிறகு திரௌபதியின் ஐந்து பிள்ளைகள், சிகண்டி, அகப்பட்டவர்கள் எல்லாரும். தமிழ்ப் பாரத மரபிலும் கூத்திலும் ஒரு காட்சி உண்டு. பஞ்சபாண்டவர் தலைகள் என்று ஐந்து தலைகளைக் கொண்டுவந்து துரியோதனன் முன் வைக்கிறான். இவை குழந்தைகளின் தலைகள் என்று கண்டு துரியோதனன் உடைந்துபோகிறான். குலத்துக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு பிள்ளையும் இல்லாமல் செய்துவிட்டாயே என்று அழுகிறான். பாரதத்தில் யாராவது தன் பக்கத்து ஆளைப் பார்த்து இது அதிகம் என்று சொன்ன இடங்கள் கொஞ்சம். அதில் ஒன்றைச் சொன்னவன் துரியோதனன் என்பது நம் கூத்து வாத்தியார்களின் மனசு.

அம்மன் அசுவத்தாமனை மன்னித்தாளா இல்லையா?

இரண்டும் உண்டு. பாரதத்தில், அவனைத் தண்டித்து அவன் நெற்றி மணியைக் கொண்டுவரும்வரை எழமாட்டேன் என்று சாகத் துணிந்து உட்கார்கிறாள். பாகவதத்தில் கட்டி இழுத்துவந்த அவனைப் பார்த்ததும் விட்டுவிடச் சொல்கிறாள். அவன் தாய் கிருபி இன்னும் உயிரோடு இருக்கிறாள், நான் அழுவதுபோல் அவளும் அழவேண்டாம் என்பது அவள் சொன்ன காரணம். பீமன் கொல் என்கிறான். கடைசியில் மணியையும் மயிரையும் அறுத்துத் துரத்துகிறார்கள்.

அதோடு சுபம் போட்டுவிட முடியாது. விட்டபிறகும் அசுவத்தாமனின் அஸ்திரம் அபிமன்யு மனைவி உத்தரையின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைத் தேடி வருகிறது. இரக்கம் காட்டினால் எதிரி திருந்துவான் என்று பாகவதம் எங்கும் உத்தரவாதம் தரவில்லை. திரௌபதியும் அவன் திருந்துவான் என்று நினைத்துச் சொல்லவில்லை. இன்னொரு தாய் அழுவாளே என்றுதான் சொன்னாள்.

படவேட்டு ரேணுகாம்பாள் கதையும் பழிக்கதைதானா?

ஆமாம், அதுவும் நம் ஊர்க்கதை மாதிரியே ஆகிவிட்டது. போளூர் பக்கம் படவேட்டில் ஆடி வெள்ளிக்குப் போனவர்களுக்குத் தெரியும், கருவறையில் சிரசுதான் பிரதானம். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் இதே கதைதான் அடிப்படை. அப்பா ஜமதக்னி சொன்னார் என்று தாய் தலையை வெட்டியவன் பரசுராமன்.

பழி அதற்கப்புறம். கார்த்தவீரியன் ஜமதக்னியின் பசுவைக் கொண்டுபோக, பரசுராமன் போய் அவனைக் கொல்கிறான். பாகவதத்தில் ஜமதக்னி இதைக் கேட்டு மெச்சவில்லை, பாவம் செய்துவிட்டாய், தீர்த்த யாத்திரை போ என்று அனுப்புகிறார். பசு பறிபோனவரே வேண்டாம் என்கிறார், பிள்ளைக்குத்தான் ஆத்திரம். கார்த்தவீரியன் பிள்ளைகள் சமயம் பார்த்து ஜமதக்னியைக் கொல்கிறார்கள். ரேணுகா 21 தரம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பரசுராமன் அதை எண்ணி 21 தலைமுறை அரசர்களை அழித்தான் என்று ஒரு வழக்கு. தாய் அழுதாள், மகன் கணக்கு வைத்தான். இத்தனை பேரைக் கொல் என்று அவள் எங்கே கேட்டாள்?

ஐந்து குளம் ரத்தத்தால் நிரம்பியபின் அவனுடைய சொந்தப் பித்ருக்களே வந்து போதும் என்று நிறுத்தினார்கள். அந்த ஐந்து குளம் இருந்த இடம் குருக்ஷேத்திரம்.

அழுதால் ஆறும் என்றால், காந்தாரி ஏன் சபித்தாள்?

நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. நூறு பிள்ளைகளின் உடம்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அழுதபிறகுதான் கிருஷ்ணனைச் சபிக்கிறாள்: நீ தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, 36 வருஷத்தில் உன் குலமும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழியட்டும்.

அழிந்த விதத்தைப் பாருங்கள். பிரபாசத்தில் யாதவர்கள் கூடிக் குடிக்கிறார்கள். போதையில் சாத்யகி, தூங்குகிறவர்களைக் கொன்ற வீரன் என்று கிருதவர்மனைக் குத்திக் காட்டுகிறான். கை போய் உட்கார்ந்தவன் தலையை வெட்டியவன் நீ என்று கிருதவர்மன் பூரிசிரவஸை இழுக்கிறான். சாத்யகி அவன் தலையை வாங்க, கூட இருந்தவர்கள் எச்சில் பாத்திரங்களாலேயே சாத்யகியை அடித்துக் கொல்கிறார்கள். 36 வருஷம் ஒன்றாகத் தின்று குடித்தவர்கள். எந்த ஊர்க் கல்யாணப் பந்தியிலும் பழைய கேஸ் கிளம்புவது இப்படித்தான்.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு, அந்த ராத்திரிக் கொலையை ஒட்டியே முடித்துவிடுகிறார். கோயில் விழாவும் தருமர் பட்டாபிஷேகத்தோடு முடியும். அதனால் வருஷா வருஷம் பாரதம் கேட்கிறவர்களுக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்காது. பிரசங்கியார்கள் ஒரு மதியம் கூடுதலாக எடுத்துக்கொண்டு சொன்னால் தேவலை.

பாரதம் கடைசியில் எங்கே முடிகிறது?

ஒரு பழிவாங்கும் யாகத்தில். சரியாகச் சொன்னால், வியாசரின் சீடர் வைசம்பாயனர் பாரதத்தைச் சொல்வதே அங்கேதான். உத்தரை வயிற்றில் தப்பிய பரீட்சித்து ராஜாவாகி, மௌனமாக இருந்த சமீகர் கழுத்தில் கோபத்தில் செத்த பாம்பைப் போட்டான். சமீகர் பொருட்படுத்தவில்லை, அவர் பிள்ளை சிருங்கிதான் சபித்தான். தப்பு செய்தாய் என்று மகனையே கண்டித்து, ராஜாவுக்கு எச்சரிக்கை சொல்லி ஆள் அனுப்பினார் சமீகர். தட்சகன் கடித்துப் பரீட்சித்து சாகிறான். தட்சகனுக்கும் பழைய கணக்கு உண்டு, அவன் குடும்பம் இருந்த காண்டவ வனத்தை எரித்தவன் அர்ஜுனன். பரீட்சித்து மகன் ஜனமேஜயன் உலகத்துப் பாம்பையெல்லாம் தீயில் போட யாகம் தொடங்குகிறான். அவனைத் தூண்டிவிட்ட உதங்க முனிவருக்கும் தட்சகன் மேல் சொந்தக் கோபம், குண்டலத்தைத் திருடினான் என்று.

நிறுத்தியவன் ஆஸ்திகன் என்ற சின்னப் பையன். அப்பா ரிஷி, அம்மா நாகர் குலம். இரண்டு பக்கமும் அவனுக்குச் சொந்தம். மன்னனைப் புகழ்ந்து, வரம் வாங்கி, யாகத்தை நிறுத்தச் சொன்னான்.

பைபிளிலும் குர்ஆனிலும் இப்படி உண்டா?

வேலூரில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். குர்ஆனைப் பொறுத்தவரை சுருக்கமாக: அல்பகரா அத்தியாயம் கொலைக்குச் சமமான தண்டனை என்று எல்லை கட்டுகிறது, கூடவே கொலையுண்டவரின் உறவினர் மன்னித்து ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்ளவும் வழி வைக்கிறது. முடிவு இழந்தவர் கையில்.

பைபிளில் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தைப் படியுங்கள், பாரதம் படித்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. தாவீது பக்கத்து ஆசகேல் துரத்துகிறான், விலகிப் போ என்று சவுல் பக்கத்துத் தளபதி அப்னேர் இரண்டு தரம் கெஞ்சுகிறான், கேட்காததால் ஈட்டியால் குத்துகிறான். ஆசகேலின் அண்ணன் யோவாப் பிறகு ரகசியம் பேசுவதுபோல் அப்னேரை எப்ரோன் வாசலில் ஒதுக்கிக் கொல்கிறான். எப்ரோன், கைப்பிசகாய்க் கொலை செய்தவன் பழிவாங்க வருகிறவனிடமிருந்து ஓடித் தப்ப ஒதுக்கிய அடைக்கலப் பட்டணங்களில் ஒன்று.

அதே புத்தகத்தில் ரிஸ்பாளும் இருக்கிறாள். தாவீதுக்கு முந்திய ராஜா சவுல் செய்த கொலைகளுக்குப் பழியாகக் கிபியோன் ஊர்க்காரர்கள் அவன் பிள்ளைகள், பேரன்களில் ஏழு பேரைத் தூக்கிலிடுகிறார்கள், அதில் இரண்டு பேர் இவள் பெற்றவர்கள். பாறைமேல் சாக்குத் துணியை விரித்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை வரும்வரை, பகலில் பறவையையும் ராத்திரியில் மிருகத்தையும் அண்டவிடாமல் காவல் இருக்கிறாள். யாரையும் சபிக்கவில்லை. தாவீது ராஜா கேள்விப்பட்டு எலும்புகளை எடுத்து அடக்கம் செய்கிறான், அந்தக் கணக்கு அங்கே நின்றுபோகிறது. படுகளத்துக் காந்தாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவள் நினைவு வரும்.

வீட்டில் பாரதம் படித்தால் சண்டை வருமாமே?

அப்படித்தான் சொல்வார்கள், அதனால்தான் கோயிலில் வைத்துப் படிப்பது. பாகப்பிரிவினை ஆகாத வீடாக இருந்தால் பாரதம் படிக்காமலேயே வரும்.

கூத்து பழியைத்தானே கொண்டாடுகிறது? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

விசில் அடிப்பது உண்மை. நினைவு நாளன்று பழிக்குப் பழி வெட்டினார்கள் என்று பேப்பரில் வருகிற செய்திக்கும் அந்த விசிலுக்கும் தூரம் அதிகம் இல்லை என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கூத்தில் ஜெயித்தவனையும் கோமாளியான கட்டியக்காரன் விடுவதில்லை, பீமனைக்கூடக் கிண்டல் செய்வான். ஆனால் தொடையில் அடி விழும் காட்சியை மட்டும் போனில் எடுத்துப் போட்டால் அது வெறும் அடிதான். கூட்டிப் போங்கள், பாதியில் கிளம்பாதீர்கள்.

படுகளத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?

நோட்டீஸில் போட்ட நேரத்தை நம்பவேண்டாம். ராத்திரிக் கூத்து எப்போது விடிகிறதோ அப்புறம்தான். பெரும்பாலும் வெயில் ஏறிவிடும், தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மண் உருவத்தின் தொடைப் பக்கம் கூட்டம் நெருக்கும். தலைமாட்டுப் பக்கம் நின்றால் ஒப்பாரி நன்றாகக் கேட்கும்.